உப்பு ஜாடியும் ஒரு லேப்டாப்பும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் வயித்தெரிச்சல். வழக்கமான பொட்டி கழட்டுற மேட்டர்தான், ஆனா இந்தத் தடவை கொஞ்சம் கோவத்தோட.

ஒரு மீன்பிடித் தடைக்காலத்துல எங்க தெரு அண்ணன் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார், கையில மகளோட லேப்டாப். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எங்க தீவுல அந்த ரெண்டு மாசம் காசு எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல.

"தம்பி, ராம்நாட்டுல ஒரு கடையில காட்டுனேன். மதர்போர்டு போச்சு, பதினாறாயிரம் ஆகும், இல்லாட்டி புதுசு வாங்கிருங்கன்றாய்ங்க. பிள்ளைக்கு அடுத்த வாரம் ப்ராஜெக்ட் குடுக்கணுமாம். உங்க அண்ணி செயினை வச்சுறலாமான்னு பாக்குறேன்."

"ஒரு நாள் குடுங்கண்ணே, நான் பாத்துட்டு சொல்றேன்"னேன்.

அடிமூடியைக் கழட்டுனா ரேம் சொருகுற இடத்துல பச்சையா பூத்துக் கிடக்கு. (ராமர் ஊர்ல ரேம்தான் முதல்ல படுக்கும்னு நான் அடிக்கடி அடிக்கிற ஜோக், யாரும் சிரிக்கறதில்ல.) பேட்டரி வயரை உருவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல பழைய டூத் பிரஷை நனைச்சு மெதுவா தேய்ச்சு, நல்லா காயவிட்டு மாட்டினேன். உயிர் வந்துருச்சு. செலவு ஒரு மூடி ஆல்கஹால். எல்லாப் பொட்டியும் இப்படிப் பொழைக்காது, என் கையால செத்ததும் உண்டு. ஆனா அந்தக் கடைக்காரர் மூடியைத் திறந்து பாத்தாரான்னே எனக்கு சந்தேகமா இருக்கு.

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணா உலகம் பூரா கேக்குற முதல் கேள்வி, "வைரஸா? ஃபார்மேட் பண்ணிப் பாத்தீங்களா?" சென்னைக்கும் பெங்களூருக்கும் அது சரியா இருக்கலாம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடின்னு இந்தக் கரையில இருக்குறவன் கேக்க வேண்டிய முதல் கேள்வி வேற: அடுப்பங்கரையில உப்பு ஜாடி நசநசன்னு இருக்கா?

சிரிக்காதீங்க. கடல்காத்து கொண்டாந்து கொட்டுற பொடி உப்பு ஃபேன் வழியா உள்ள போய் போர்டு மேல படியுது. உப்பு காஞ்சு கிடந்தா பெரிசா ஒண்ணும் செய்யாது. ஆனா சாதா சோடியம் குளோரைடு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானே தண்ணிய இழுத்துக் கரைஞ்சுரும். கடல் உப்புல கலந்திருக்குற மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், அதுக்கு 33 சதவீதமே போதும். வாலிநோக்கம் உப்பளத்துல வேலை பாத்தவங்களைக் கேளுங்க, உப்பு எடுத்த பெறகு பாத்தியில மிஞ்சுற கசப்புத் தண்ணி லேசுல காயாதும்பாங்க. அதே சமாச்சாரம்தான் நம்ம போர்டு மேலயும். ஜாடியில உப்பு தண்ணி விட்ட ராத்திரி, பொட்டிக்குள்ளயும் உப்புத்தண்ணி ஒரு படலமா நிக்குதுன்னு அர்த்தம்.

அந்தப் படலத்துல கரண்டும் சேர்ந்தா கதை முடிஞ்சுது. பிளஸ்ல இருக்குற செம்பு கரைஞ்சு மைனஸ் பக்கம் போய் மரம் மாதிரி கிளைவிட்டு வளரும். ரெண்டு கம்பியும் தொட்டுக்கிட்டா ஷார்ட். "நான்தான் ஷட்டவுன் பண்ணிட்டேனே"ம்பீங்க. டெஸ்க்டாப்பை ஷட்டவுன் பண்ணாலும், சுவத்துல சுவிட்ச் போட்டிருக்குற வரைக்கும் போர்டுல 5 வோல்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதனால சுவத்து சுவிட்சை அணைங்க. கடிகாரத்துக்குன்னு வச்சிருக்குற அந்த வட்ட பேட்டரி 3 வோல்ட்டோட எப்பவும் உக்காந்திருக்கும், அதைச் சுத்தித்தான் பச்சை முதல்ல பூக்கும். மூடியைத் திறந்தா நான் மொதல்ல பாக்குறது அங்கதான்.

இன்னொண்ணு சொன்னா எங்க அம்மாவே நம்ப மாட்டேங்கறாங்க. பொட்டியை பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி, "பத்திரமா" மாசக்கணக்குல வச்சா அது சீக்கிரம் சாகும். ஓடுற பொட்டி சூடா இருக்கும். சூடா இருந்தா உள்ள ஈரப்பதம் குறையும், உப்பு காஞ்சே கிடக்கும். மூடி வச்ச பொட்டிக்குள்ள ஈரம் வெளிய போக வழியே இல்ல. தினம் அரை மணி நேரமாவது ஓட்டுங்க, கவரைக் கழட்டி வீசுங்க, துணி போதும். ஃபேன் ஓட ஓட உப்பும் கூடத்தான் உள்ள வரும், அதை மறுக்கல. அதுக்குத்தான் கச்சான் காத்து முடிஞ்சதும் ஒரு தடவை, வாடை முடிஞ்சதும் ஒரு தடவை திறந்து தூசி தட்டணும்.

அழிரப்பர் வச்சு ரேம் காலைத் தேய்க்கிறது நம்ம ஆளுங்களோட தேசிய வைத்தியம். வேலை செய்யும். ஆனா அந்தத் தங்க முலாம் ரொம்ப மெல்லிசு. வாரா வாரம் தேய்ச்சா முலாம் போய் அடியில இருக்குற நிக்கலும் செம்பும் வெளிய வந்துரும், அப்புறம் உப்புக்குக் கொண்டாட்டம். கொரோனா சமயத்துல மிஞ்சுன சானிட்டைசரை ஊத்தித் தொடைச்சவங்களும் இருக்காங்க. அதுல கிளிசரின் இருக்கும், பிசுபிசுன்னு ஒட்டும், ஈரத்தையும் இழுக்கும். கடல்ல விழுந்த போனை அரிசி டப்பாவுல போடுறதும் வேலைக்காகாது. ஆப்பிளே 2024ல அரிசியில போடாதீங்கன்னு சொல்லிட்டாங்க. தண்ணி போனாலும் உப்பு உள்ளயே இருக்குமே?

இது லேப்டாப்போட நிக்கிற விஷயமும் இல்ல. படகுல கொண்டு போற கையடக்க ஜிபிஎஸ்ஸும் இதே வியாதியிலதான் படுக்குது, பேட்டரி தொடுற ஸ்பிரிங்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு நடுராத்திரி கடல்ல திரை அணைஞ்சு போச்சு. எல்லைக்கோடு பக்கமா இருக்கோமா, தாண்டிட்டோமான்னு தெரியாம வலையை வாரிக்கிட்டு திரும்பிட்டார். அந்தக் கோட்டைத் தாண்டினா என்ன ஆகும்னு ராமேஸ்வரத்துக்காரனுக்கு யாரும் சொல்ல வேணாம். அவரோட ஜிபிஎஸ்ஸுக்கு நான் பாத்த வைத்தியம், ஸ்பிரிங்கைச் சுரண்டி, துடைச்சு, காயவச்சது. பத்து நிமிசம்.

இப்ப கோவத்துக்கு வர்றேன். இந்த உப்பு புதுசா கண்டுபிடிச்ச ரகசியமா? காரைக்குடி செக்ரி, அதாங்க மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கேம்ப்ல உலோகத் தகடுகளைக் காத்துல வச்சு துரு பிடிக்கிறதை அளந்துக்கிட்டு வந்திருக்கு. 1914ல திறந்த பழைய ரயில் பாலம் துருவோட மல்லுக்கட்டி, 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்திட்டாங்க. 2025 ஏப்ரல் 6ல திறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பெயின்ட்னு பாத்துப் பாத்து செஞ்சாங்க. பாலத்துக்கு சரி. பாலத்தைத் தாண்டி வர்ற லேப்டாப்புக்கு?

போர்டு மேல மெல்லிசா ஒரு கோட்டிங் அடிக்கிற வழக்கம் ரொம்ப நாளாவே இருக்கு, கப்பல்ல வைக்கிற கருவிகளுக்கெல்லாம் அடிக்கிறாங்க. கடக்கரையில விக்கிற வீட்டு சாமானுக்கும் அடிச்சுக் குடுக்கலாம், விலையில கொஞ்சம் ஏத்திக்கட்டும், நான் குடுக்கத் தயார். அதைச் செய்யாம, வாரண்டி அட்டையில பொடி எழுத்துல "துரு, ஈரம் நீங்கலாக"ன்னு போட்டுட்டா எப்படி? என் சொந்த லேப்டாப்பை ஒரு சர்வீஸ் சென்டர்ல குடுத்தப்ப "சார், தண்ணி கொட்டிட்டீங்க"ன்னாங்க. கொட்டலங்கன்னா நம்பல. எங்க ஊர்க் காத்தே தண்ணிதான்யா, உப்புத்தண்ணி! கடலோரத்துல கடை போட்டு விப்பீங்க, கடலால கெட்டா மட்டும் எங்க தப்பா? துரு விலக்குங்கிற வரியை இந்த ஊர் கடைகள்ல விக்கிறப்பவே வாயால சொல்லி, வாங்குறவங்க கையெழுத்து வாங்கட்டும். எத்தனை பேர் வாங்குவாங்கன்னு பாக்கலாம்.

கடைக்காரங்க எல்லாரையும் திட்டல. உள்ளூர்ல நல்லா பாக்குற பசங்க இருக்காய்ங்க, அவங்ககிட்டதான் நானே கத்துக்கிட்டேன். மூடியைத் திறக்காம விலை சொல்றவங்களைத்தான் சொல்றேன். அடுத்த தடவை யாராவது "போர்டு போச்சு"ன்னா, "திறந்து காட்டுங்க, பச்சை எங்க இருக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

அந்த அண்ணன் மகள் ப்ராஜெக்டைக் குடுத்துட்டா. அண்ணன் நேத்து டிவி ரிமோட்டும் ஒரு மிக்ஸியும் கொண்டாந்து வச்சுட்டுப் போயிருக்கார். ஆல்கஹால் பாட்டில் பாதிக்குக் கீழ இறங்கிருச்சு, ராம்நாடு போறப்ப மறக்காம வாங்கணும்.