ஒடுக்கு எடுப்பதும் ஒட்டுப் போடுவதும்

ஈயம் பூசுபவரும் ஒடுக்கு எடுப்பவரும் தெருத்தெருவாகக் குரல் கொடுத்து வந்த காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிணற்றுச் சுவரில் இடித்துக் குடம் நசுங்கினால் ஒரு மரச்சுத்தியலும் பட்டடையும் போதும். அரை மணியில் குடம் பழையபடி இடுப்பில் ஏறிவிடும். எதையும் தூக்கிப் போடாமல் தட்டிச் சரிசெய்து ஓட்டுகிற அந்தப் புத்தி நல்ல புத்திதான். ஆனால் அது செல்லாத இடம் ஒன்று உண்டு. விமானத்தின் தகடு. விமானப் படையில் ஏர்ஃப்ரேம் பிரிவில் தகடும் ரிவெட்டுமாக இருபது வருடம் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்றால், என் தங்கை மகன் அமெரிக்காவில் வீட்டு கராஜில் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறான். தம்மம்பட்டியில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. அங்கே பாதிக்கு மேல் வேலையைத் தானே செய்தால் சோதனை ரக விமானம் என்று பதிவு செய்து பறக்கலாம். ஆரிகன் மாநிலத்தில் உள்ள வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. ரக விமானங்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் இப்படி வீடுகளில் உருவாகிப் பறந்திருக்கின்றன. நம் நாட்டிலும் அமோல் யாதவ் மும்பையில் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2017-ல் அதற்குப் பதிவெண் கிடைத்தது. ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் கொரோனா முடக்கக் காலத்தில் தொடங்கி ஒரு நான்கு இருக்கை விமானத்தை முடித்து, 2022-ல் குடும்பத்தோடு ஊர் சுற்றினார்.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். ரிவெட் அடிக்கும்போது பின்னால் முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டை கை நழுவி இறக்கையின் தகட்டில் விழுந்திருக்கிறது. ஒடுக்கு விரல் நீளம்தான். ஆனால் வழுவழுவென்று குழிந்த ஒடுக்கு அல்ல. நகத்தால் மடித்த காகிதம் போல ஒரு கோடு, அதுவும் ரிவெட் வரிசையைத் தொட்டுக்கொண்டு. படம் அனுப்பிவிட்டுக் கேட்டான்: "தட்டி எடுத்துட்டுப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சுட்டா தெரியாதுங்க மாமா. மாத்தோணும்னா எறநூறு ரிவெட்டைக் கழட்டோணும்."

தெரியாது என்பதுதான் எனக்கு ஆகாத வார்த்தை.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கு பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். லாரியில் பாரத்தைத் தாங்குவது சட்டம். தகடு அதன்மேல் போர்த்திய போர்வை. போர்வையில் ஒடுக்கு விழுந்தால் அழகுதான் கெடும். விமானத்தில் அப்படியில்லை. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத அந்தத் தகடே பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கிறது. ரிவெட் வரிசை வழியாகத்தான் அந்தப் பாரம் ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. அங்கே ஒரு மடிப்பு விழுந்தால் பாரம் முழுவதும் அந்த மடிப்பைத் தேடி வரும்.

குடத்தைத் தட்டலாமே என்றால், பித்தளையும் தட்டத் தட்ட இறுகும். கன்னார் அதை நெருப்பில் காட்டி இளக்கிக்கொள்வார். விமானத் தகடு செம்பு கலந்த அலுமினியம், பெரும்பாலும் 2024 என்ற ரகம், சூடு கொடுத்துப் பதப்படுத்தி பலம் ஏற்றியது. நெருப்பில் காட்டினால் அந்தப் பலம் போய்விடும். காட்டாமல் தட்டினால் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு பிறக்கும். அதன்மேல் பட்டி பார்த்தால் வெடிப்பைப் பத்திரமாக மூடி வைத்ததாகும். எங்கள் ஊர் மரச்சிற்பங்களுக்குப் பேர் உண்டு. மரத்தில் சிறு வெடிப்பு இருந்தால் மரத்தூளும் பசையும் வைத்து அடைப்பது மரவேலையில் குற்றமில்லை. சிலை நின்ற இடத்தில் நிற்கப் போகிறது.

மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் இறங்கும்போது சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்றின் வால் அடிப்பாகம் ஓடுபாதையில் உரசியது. கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் மேலே ஒரு தகட்டை வைத்து ரிவெட் அடித்துவிட்டார்கள். ஒட்டுப் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. அதன் அடியில் கீறல்களிலிருந்து வெடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. விபத்துக்குச் சில மாதம் முன்பு எடுத்த படங்களில் ஒட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிகிறது. அந்தக் காலத்தில் பயணிகள் உள்ளே பிடித்த சிகரெட்டுப் புகை இடுக்கு வழியாகக் கசிந்த கறை அது. 2002 மே 25-ல் விமானம் நடுவானில் உடைந்தது. 225 பேர். இருபத்திரண்டு வருடம் அந்த ஒட்டு பொறுத்திருந்தது.

ஜப்பானில் 1985 ஆகஸ்ட் 12-ல் 520 பேர் இறந்ததும் இதே வகைதான். ஒரே துண்டாகப் போட வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டதால், இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டியதை ஒரு வரிசை தாங்கியது. ஏழு வருடம் தாங்கியது.

இதற்காக ஒட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. கெட்டதை வெட்டி எடுத்து, மூலைகளை வளைவாக்கி, அதே ரகத் தகட்டில், துளையின் மையத்திலிருந்து விளிம்பு வரை ரிவெட் தண்டின் குறுக்களவில் இரண்டு மடங்கு இடம் விட்டுப் போட்ட ஒட்டு ஆயுசுக்கும் நிற்கும். வெளியே தெரிவதில் வெட்கம் என்ன இருக்கிறது? ரிவெட் வரிசைக்குத் தள்ளி, மடிப்பில்லாமல் குழிந்த சின்ன ஒடுக்கானால் சும்மா விட்டுவிடுவது உத்தமம். அதைப் போய்த் தட்டுகிறவர்கள்தான் கெடுக்கிறார்கள்.

மருமகன் சொன்ன எதிர்வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரிவெட்டைக் கழற்றும்போது துளை பெரிதாகி, நல்ல எலும்புச் சட்டமும் கெட்டுவிடலாம். உண்மை. தலையின் நடுவில் புள்ளி குத்தி, தலையின் கனம் வரைக்கும் மட்டும் துளையிட்டு, தலையை ஒடித்துவிட்டு, பின்னால் முட்டுக் கொடுத்துத் தண்டைத் தட்டி எடுக்க வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை. அப்படியும் ஒன்றிரண்டு துளை பெரிதானால் அடுத்த அளவு ரிவெட் இருக்கிறது. அவன் வாங்கிய வான்ஸ் நிறுவனத்துக்கே 2023-ல் இந்தச் சங்கடம் வந்தது. லேசரில் வெட்டிய துளைகளில், ரிவெட் தலைக்குக் குழி அமுக்கும்போது வெடிப்பு கண்டது. ஏற்கெனவே ரிவெட் அடித்து முடித்தவர்கள் எத்தனையோ பேர். நிறுவனம் கண்பார்வையை நம்பாமல் தகடுகளைச் சோதனைக்கு உட்படுத்தி, எவற்றை மாற்ற வேண்டும், எவை இருக்கலாம் என்று பட்டியல் போட்டது. அந்த வருடக் கடைசியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போகிற அளவுக்குச் செலவும் நெருக்கடியும். ஆனாலும் பட்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

என் தங்கை தை கழிந்ததும் அங்கே போகிறாள். சோதனைப் பறப்பெல்லாம் முடிந்ததும் முதலில் அம்மாவைத்தான் ஏற்றுவேன் என்று பையன் சொல்லிவிட்டான். அவளும் புடவை கட்டலாமா, சுடிதாரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தகட்டை மாற்ற ஒருவழியாகச் சம்மதித்துவிட்டான். புதுத் தகடு வருகிறது. இப்போது வேறு ஒன்றில் நிற்கிறான். எந்தத் தகடு, ஏன் மாற்றியது, எந்தத் துளைக்குப் பெரிய ரிவெட் என்று விமானக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். எழுதினால் நாளை விற்கும்போது விலை குறையுமாம். குறைகிற அளவு குறையட்டும் என்று பதில் போட்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் சொல்லக் காணோம்.