கேள்வி-பதில்: பழைய அம்பாசிடர் வெடிப்பது ஏன்?

“எங்களிடம் 1978-ம் வருட மாடல் பெட்ரோல் அம்பாசிடர் கார் உள்ளது. விடியற்காலையில் மல்லிகைப் பூவை மார்க்கெட்டுக்கு அதில்தான் கொண்டுபோகிறோம். மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓட்டாமல் நிறுத்தியிருந்தோம். இப்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் பானட்டுக்குள் ‘டப் டப்’ என்று வெடிக்கிறது, மேட்டில் இழுக்கவில்லை. இன்ஜினை இறக்கி போர் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?”

- வாசகர், உசிலம்பட்டி.

உண்டு. இன்ஜினை இறக்குவது கடைசி வேலை. பயிரில் அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, குருத்திலை மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை என்று முதலில் சந்தேகிப்பது வழக்கம். பேக் ஃபயரும் அப்படித்தான். சத்தம் வரும் இடம்தான் காரணத்தைக் காட்டும்.

சைலன்சரில் வெடித்தால், சிலிண்டருக்குள் எரியாத பெட்ரோல் வெளியே போய்ச் சூட்டில் பற்றுகிறது என்று பொருள். பிளக் மிஸ் ஆவது, டைமிங் பின்தங்குவது, சைலன்சர் இணைப்பில் ஓட்டை இருப்பது ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். கார்புரேட்டர் பக்கம் வெடித்தால், உள்ளே போகும் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கலாம், டைமிங் தவறியிருக்கலாம், அல்லது இன்லெட் வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். வாசகரின் கார் இந்த இரண்டாவது வகை.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் சூடான பிறகு சோக்கைக் கொஞ்சம் இழுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வெடிப்பது நின்றால் குறை பெட்ரோல் வரத்தில்தான்.

மூன்று மாதம் நின்ற வண்டி என்பதால் அதற்கே வாய்ப்பு அதிகம். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் இந்த எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். பழைய டேங்கில் படிந்த பிசினையும் கரைத்து ஜெட்டில் கொண்டுவந்து அடைக்கும். தவிர, ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். வெறும் பெட்ரோலுக்கு ஜெட் வைத்த பழைய கார்புரேட்டரில், இதனாலேயே கலவையில் காற்று கூடிவிடும்.

எனவே டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். ஃபில்டர், ஜெட், மிதவைத் தொட்டி மூன்றையும் சுத்தம் செய்ய வேண்டும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ரப்பர் குழாய்கள் இறுகியோ ஊறியோ இருந்தால், எத்தனால் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்ற வேண்டும். அடுத்து, இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது மேனிஃபோல்டு கேஸ்கட் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. இந்தச் சோதனைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்தவே கூடாது. சூடான சைலன்சர் குழாயும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

அதற்கும் நிற்காவிட்டால் கரண்ட் பக்கம் பார்க்கலாம். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி சுமார் 0.6 மி.மீ. இருக்க வேண்டும். 1489 சிசி இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பிளக் ஒயர் இரண்டு இடம் மாறியிருந்தாலே வெடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கீறல் விழுந்திருந்தால், மழை ஈரத்தில் ஒரு சிலிண்டருக்குப் போக வேண்டிய பொறி இன்னொன்றுக்குத் தாவும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் பொறி ஓடுவது கண்ணில் படும். டைமிங்கையும் சரிபார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரே சீராக வெடித்தால் டேப்பெட்டைப் பார்த்துவிட்டு, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சோதிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வுக் கோளாறு. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றி வேலையை முடித்துவிடலாம். ரிங் தேய்ந்தால் ஆயில் குறையும், நீலப் புகை வரும். கார்புரேட்டரில் வெடிக்க அது காரணமாவது அரிது. ஆகவே கம்ப்ரெஷன் அளவைக் கண்ணால் பார்க்காமல் போர் வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. கழற்றும் பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் மாதிரிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கோளாறு தீரும்வரை ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்து ஓட்டக் கூடாது. கார்புரேட்டரிலிருந்து வரும் தீயை ஓரளவு தடுப்பது அதுதான். வைக்கோல் படப்பு அருகே வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். உலர் தூள் தீயணைப்பான் அல்லது ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

பெட்ரோலில் ஓடும் களையெடுப்பான், பவர் ஸ்பிரேயர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீசன் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து வைத்தால், அடுத்த சீசனில் இந்தத் தொல்லையில் பாதி வராது.