ஆராய்ச்சி யாருக்காக?

மாரி காலத்தில் மாவடிப்பள்ளி வீதியைக் கடந்தோருக்கு அவ்விடத்தின் இயல்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கிழக்கே காரைதீவு, மேற்கே சம்மாந்துறை, இடையே பரந்த வயல்வெளி. மேற்கே மழை கொட்டினால் வெள்ளம் வயலை நிரப்பி வீதியின்மேல் ஏறி ஓடும். உழவர் எவரும் அறிந்த உண்மை இது. அவ்வீதியிலேதான் 2024 நவம்பர் 26 ஆந் திகதி, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. மாணவர் அறுவர் உட்பட எட்டு உயிர்கள் பறிபோயின.

ஜனாஸாக்களை அடக்கினோம், கண்ணீரைத் துடைத்துக்கொண்டோம். குற்றவாளி யார் என்ற விசாரணை நீதிமன்றங்களுக்குரியது. எமது கேள்வி வேறு. மழை வரும் என்பதை வளிமண்டலவியல் திணைக்களம் முன்னரே அறிவித்திருந்தது. வீதி மூழ்கும் என்பதை ஊரே அறியும். அறிவுக்குக் குறைவில்லை. ஆயினும் அவ்வறிவு உரிய வேளையில் உரிய வாசலைச் சென்றடையவில்லை. அறிந்ததைச் செயலாக்கும் வழியைத் தேடுவதே பிரயோக ஆராய்ச்சி. அது எமக்கு ஆடம்பரமன்று, உயிர்காக்கும் தேவை.

இஃது இந்நாட்டிற்குப் புதியதுமன்று. 1934-35 இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேரைப் பலிகொண்டது. அதைப் பரப்பும் நுளம்பு, வரட்சியால் வற்றிய ஆற்றுப்படுகைகளிலே தேங்கிய தெளிந்த நீர்க்குட்டைகளிற் பெருகுகிறது என்பதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். எங்கே பெருகுகிறது என்று தெரிந்த பின்னரே எங்கே தாக்குவது என்பதும் தெரிந்தது. 1946 முதல் வீடுகள்தோறும் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963 இல் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளரே காணப்பட்டனர். வென்றுவிட்டோம் என்று எண்ணிக் கண்காணிப்பைத் தளர்த்தியதும், 1968-69 இல் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. பின்னர் பல்லாண்டு பாடுபட்டு, 2012 ஒக்டோபரின் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் எவருமிலர் என்ற நிலையை எய்தி, 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றோம். இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடங்கள் இரண்டு: களத்தில் இறங்கிய ஆராய்ச்சி வெல்லும், ஆயத்தம் தளர்ந்தால் வெற்றியும் கைநழுவும்.

ஆராய்ச்சியைப் புறக்கணித்துக் கட்டளை பிறந்தால் விளைவு யாது? அதையும் எமது மக்கள் அனுபவித்துவிட்டனர். கொரோனாவால் இறந்தோரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரலில் எரித்தே தீரவேண்டுமென அரசாங்கம் கட்டளையிட்டது. நிலத்தடி நீர் மாசுறும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதை நிரூபிக்கும் ஆய்வு எங்கே என்று கேட்டோருக்கு விடையில்லை. அதே ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி, அடிப்படை உரிமை மனுக்களை உயர்நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அனுமதியாது தள்ளுபடி செய்தது. சட்டம் பயின்றோர் என்ற முறையில் ஒன்று சொல்வோம்: ஒருவனது உரிமையைப் பறிக்க முற்படுபவனே அதற்கான காரணத்தை எண்பிக்கவேண்டும். அந்தச் சுமை இங்கே தலைகீழாக மாற்றப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் தலையில் ஏற்றப்பட்டது. 2021 பெப்ரவரியில் கட்டளை தளர்த்தப்பட்டு, ஓட்டமாவடியில் நல்லடக்கத்திற்கு இடம் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கோரியது. ஆனால் சாம்பலானவை சாம்பலாகவே போயின.

ஆராய்ச்சி என்றதும் வெளிநாட்டு ஆய்வுகூடங்களை நினைத்து மலைக்கவேண்டாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாக உயர்ந்தது அது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருப்பதோ சம்மாந்துறையில், மாவடிப்பள்ளிக்கு அயலில். மறுபுறம் கல்முனையில் பெரிய வைத்தியசாலைகள் இரண்டு உள. பீடத்திற்கும் வைத்தியசாலைக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே. ஆயினும் பீடத்தில் எழுதப்படும் ஆய்வு வயலுக்கு வருகின்றதா? வைத்தியர் நாள்தோறும் காணும் சிக்கல் பீடத்திற்குச் செல்கின்றதா? ஆங்கிலத்தில் எழுதி, ஆய்வரங்கில் வாசித்து, அலுமாரியில் பூட்டிவைக்கும் கட்டுரையால் உழவனுக்கு என்ன பயன்?

கேட்கவேண்டிய கேள்விகள் எமது வாசலிலேயே கிடக்கின்றன. மேற்கே இத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தால் எத்தனை மணிநேரத்தில் மாவடிப்பள்ளி வீதியில் நீர் ஏறும்? எந்த அளவுக்கு மேல் எந்த வாகனமும் செல்லலாகாது? வெள்ளத்தால் வீதி துண்டிக்கப்பட்ட இரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை எவ்வழியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது? வயற்சேற்றில் இறங்குவோரை எலிக்காய்ச்சல் தாக்குகிறது. அதைத் தடுக்க டொக்சிசைக்கிளின் குளிசைகள் சுகாதாரப் பகுதியினரால் வழங்கப்படுகின்றன. அவற்றை விழுங்குவோர் எத்தனை பேர், விழுங்காதோர் எதனால் விழுங்கவில்லை? இவற்றுக்கு விடை காண கோடிக்கணக்கான ரூபா வேண்டியதில்லை. அளவுகோலும் குறிப்பேடும் கால்நடையாகச் செல்லும் மாணவர் பத்துப்பேரும் போதும்.

கல்வித்துறையிலும் இதே நிலைதான். க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2024 நவம்பர் 25 இல் ஆரம்பித்து, மூன்றாம் நாளே வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் டித்வா புயலால் மறுபடியும் இடைநிறுத்தப்பட்டது. வடகீழ்ப் பருவமழை நேற்றுத் தோன்றியதா? எமது மாவட்டத்தில் மழைக்காலத்தில் எத்தனை பாடசாலை நாட்கள் வீணாகின்றன என்பதைக் கணக்கிட்டு, பரீட்சைக்கு ஏற்ற மாதம் எது என்று ஆராய்ந்து கூறுவது எமது கல்விமான்களின் கடமையன்றோ?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, பல்கலைக்கழகம், வைத்தியசாலைகள், வலயக் கல்வி அலுவலகங்கள், விவசாய அமைப்புகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் ஆண்டுதோறும் மாரிக்கு முன் ஒரே மேசையில் அமர்ந்து, அவ்வாண்டு ஆராயவேண்டிய கேள்விகளைத் தெரிவுசெய்தல் வேண்டும். வட்டையின் நீரோட்டம் அறிந்த வட்டவிதானையும் அம்மேசையில் இருத்தல் அவசியம். இரண்டாவது, ஆய்வின் முடிவு எளிய தமிழில் ஊருக்கு அறிவிக்கப்படல் வேண்டும். மூன்றாவது, புதிய திட்டம் எதுவாயினும் ஓர் ஊரில் பரீட்சித்துப் பார்த்த பின்னரே மாவட்டம் முழுவதிலும் புகுத்தப்படல் வேண்டும். 2021 இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து, அதே ஆண்டு முடிவதற்குள் தடையை நீக்கிய கதையை உழவர் மறந்திருக்கமாட்டார்கள்.

அரசாங்கத்தை மட்டும் கடிந்து எம்மை விட்டுவிடுவது நேர்மையாகாது. நாமும் ஆயத்தமாக வேண்டும். வீதி மூடப்பட்டது என்று அறிவித்தால், "எமக்குத் தெரியாத வெள்ளமா?" என்று நகைத்தவாறு வாகனத்தைச் செலுத்தும் வழக்கத்தை விடல் வேண்டும். விபரம் கேட்டு வாசலுக்கு வரும் மாணவனுக்கு உண்மையைச் சொல்லல் வேண்டும். வெள்ள அறிவித்தலைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோவில் மணியும் ஒருங்கே ஊருக்கு உணர்த்தல் வேண்டும். வெள்ளம் முஸ்லிமின் வயல், தமிழனின் வயல் என்று பிரித்துப் பாய்வதில்லை.

அடுத்த மாரி வந்தே தீரும். அப்பொழுதும் மத்ரஸாவிலிருந்தும் பாடசாலையிலிருந்தும் பிள்ளைகள் வீடு திரும்புவர். அவர்கள் புறப்படுவதற்கு முன், "இன்று புறப்படவேண்டாம்" என்று சொல்லும் ஒரு குரலை நாம் ஆயத்தம் செய்துவைத்திருப்போமா? அக்குரலுக்கு வேண்டிய அறிவை எமக்குத் தருவதே எமது பல்கலைக்கழகத்தின் முதற்கடன்; அக்குரலுக்குச் செவிசாய்ப்பதே எமது கடன்.