வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்ட கழிமுகம்: புதுக்கோட்டைக் கடற்கரைக்கு ஒரு பாடம்

எண்ணூர்க் கழிமுகத்திற்கு இரண்டு வரைபடங்கள் உண்டு. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம், கொசஸ்தலையாற்றின் உவர்நீர்ப் பரப்பில் சுமார் 6,500 ஏக்கரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் காட்டுகிறது. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி வெளிவந்த மற்றொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. அலையேற்றம் நாள்தோறும் வந்துபோகும் நீர்ப்பரப்பு, தாளில் தொழிற்சாலைக்கு ஏற்ற நிலமாகிவிட்டது.

இத்தகைய மோசடியை எதிர்கொள்ள, அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வருவதற்கு முந்தைய நில அளவை வரைபடங்கள் வலுவான சான்றாகும். அரசின் அதிகாரத்தால் வரையப்பட்ட வரைபடம் சரியானது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 83ஆம் பிரிவு. 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அவ்வனுமானம் தொடர்கிறது.

ஆயினும் பழைய வரைபடம் நீரைக் காட்டும்; அந்நீரில் பிழைத்தோரைக் காட்டாது. பழவேற்காட்டில் பாடு முறை, எந்த இடத்தில் யார் வலை விரிக்கலாம் என்பதைச் சாதி வழியே வரையறுத்தது. அதற்கு வெளியே நிறுத்தப்பட்ட தலித், இருளர் மக்கள் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தனர். கைகளுக்குப் பட்டா இல்லை. எனவே கழிமுகம் அழியும்போது இழப்பீட்டுப் பட்டியலில் இறுதியாக வருவோரும், வராமலே போவோரும் இவர்களே. பஞ்சமி நிலத்தை மீட்க 'அ' பதிவேட்டைத் தேடி அலைந்தோருக்கு, பதிவில் இல்லாத உரிமையின் கதி புதிதன்று.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எனப் புதுக்கோட்டைக் கடற்கரை எண்ணூரைப் போல இன்னும் ஆகிவிடவில்லை. சான்று திரட்ட இதுவே காலம். 1974இல் மாவட்டம் உருவாகும் முன் இக்கரை பெரும்பாலும் தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கி வட்டத்தில் இருந்தது; கடலற்ற புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் ஆவணங்களில் அதைத் தேடிப் பயனில்லை.

மீனவ ஊர்களையும் மக்களின் பொதுச் சொத்துகளையும் உள்ளூர் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது 2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை. 2023இல் புதிய வரைவுகள் கருத்துக்கேட்புக்கு வந்தபோது, இவையே விடுபட்டுள்ளதாக மீனவர் அமைப்புகள் எதிர்த்தன. எதிர்ப்போடு நின்றால் போதாது. சேரிப் பெண்கள் இறால் தடவும் சேறு, மீன் உலர்த்தும் திடல், கரைக்குச் செல்லும் வழி, இடுகாடு ஆகியவற்றைக் கல்லூரி மாணவர்கள் அம்மக்களோடு நடந்து குறிக்கட்டும். கிராம சபை அதைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். நாளை ஒரு நிறுவனம் 'இங்கு எவரும் இல்லை' என்று சொல்ல வரும்போது, நம் கையில் ஆவணம் இருக்க வேண்டும்.