ஞாயிற்றுக்கிழமை முட்டைகள்

பேச்சிலர் ரூம்களில் இப்போது ஒரு புது வியாதி பரவிக்கொண்டிருக்கிறது. பெயர் 'மீல் ப்ரெப்'. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வாரம் முழுவதற்கும் சமைத்து, டப்பா டப்பாவாக அடைத்து ஃப்ரீஸரில் தள்ளிவிட்டால், சனிக்கிழமை வரை அடுப்புப் பக்கமே போக வேண்டாமாம். செல்போனில் எவனோ ஒருத்தன் புஜத்தை முறுக்கிக்கொண்டே செய்து காட்டுகிறான். நம்ம பையன்கள் அதைப் பார்த்துவிட்டு முப்பது முட்டை அட்டையோடு வந்து இறங்குகிறார்கள்.

நோக்கம் உத்தமமானது. டீயும் பன்னும்தான் காலை டிபன் என்று ஷேர் ஆட்டோவுக்கு ஓடுகிறவனுக்கு, முட்டை ஒன்றுக்கு ஆறு கிராம் புரோட்டீன் லாபம். மெஸ் பில்லும் குறையும். எங்கள் மாடியில் குடியிருக்கும் நாலு பேரில் ஒருவன், தங்கையின் காலேஜ் பீஸுக்காகவே வெளிச் சாப்பாட்டை நிறுத்தியவன். அவனிடம் போய் 'ஒழுங்கா ஓட்டல்ல சாப்பிடுப்பா' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவித்த முட்டையை உரித்து, முழுசு முழுசாக ஃப்ரீஸரில் அடுக்குகிறான் பாருங்கள், அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன்.

வெள்ளைக் கருவில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பாக்கி பெரும்பாலும் புரோட்டீன். வேகும்போது இந்தப் புரோட்டீன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலை மாதிரி ஆகி, அவ்வளவு தண்ணீரையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஃப்ரீஸருக்குள் போனதும் அந்தத் தண்ணீர் ஐஸ் ஊசிகளாகி வலையைக் கண்டபடி கிழித்துவிடுகிறது. கொசுவலைக்குள் பலாப்பழத்தை உருட்டின மாதிரி. வெளியே எடுத்து ஐஸ் இளகினால், தண்ணீரைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. தட்டில் குளம் கட்டும். வெள்ளை, சைக்கிள் ட்யூப் ஆகிவிடும். வீட்டு ஃப்ரீஸர் மெதுவாகத்தான் உறைய வைக்கும். மெதுவாக உறைந்தால் ஐஸ் ஊசி இன்னும் பெரிசு. மஞ்சள் கரு மட்டும் தப்பித்துக்கொள்ளும். அதில் தண்ணீர் பாதிதான், கொழுப்பு ஜாஸ்தி.

பச்சை முட்டையை ஓட்டோடு வைத்தால்? தண்ணீர் ஐஸாகும்போது சுமார் ஒன்பது சதவிகிதம் பெருக்கும். ஓடு எங்கே பெருக்கும், பாவம்! விரிசல் விட்டுவிடும்.

"அப்ப முட்டையே வேணாங்கறீங்களா ஸார்?" என்றான் இன்னொருத்தன். நாமக்கல் பக்கத்துப் பையன். முட்டையை யாராவது குறை சொன்னால் சொந்த அத்தையைச் சொன்ன மாதிரி கோபம் வரும்.

வேண்டும் தம்பி. அவித்த முட்டைக்கு ஃப்ரீஸர் எதற்கு? கீழ்த்தட்டே போதும். ஓட்டை உரிக்காமல் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஓட்டின் மேல் பென்சிலால் தேதி எழுதி வைக்க வேண்டியது. இல்லாவிட்டால் அவித்தது எது, பச்சை எது என்று அவசரத்தில் தெரியாது. தெரியாவிட்டாலும் மோசமில்லை, மேஜை மேல் சுற்றிவிட்டுப் பாருங்கள். வெந்தது பம்பரம் மாதிரி சுற்றும், பச்சை தள்ளாடும்.

ஃப்ரீஸருக்கு லாயக்கான ஐட்டம் பொடிமாஸ். முட்டையை அடித்துக் கலக்கும்போதே வெள்ளையோடு மஞ்சளின் கொழுப்பும் கலந்துவிடுவதால், உறைந்து இளகினாலும் அவ்வளவாகக் கெடாது. ஒரு ஸ்பூன் பால் சேர்த்தால் இன்னும் மிருது. வெங்காயத்தைத் தண்ணீர் சுண்ட வதக்கிவிட்டு அப்புறம் முட்டையை ஊற்ற வேண்டும். ரொம்ப வறட்டி எடுக்கக் கூடாது. மறுபடி சூடு பண்ணும்போது இன்னொரு முறை வேகும் அல்லவா? ஆறினதும் ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாக, காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டினால் ஃப்ரீஸர் நாற்றம் ஏறாது. ஆம்லெட்டையும் இப்படியே சுருட்டி வைக்கலாம். முட்டைக் குழம்பு என்றால் குழம்பை மட்டும் உறைய வைத்துவிட்டு, முட்டையை அன்றன்றைக்குப் போட்டுக்கொள்வது உசிதம்.

கலக்கியையும் ஆஃப் பாயிலையும் ஃப்ரீஸரில் வைக்கலாமா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். கொங்கு நாட்டுக்காரர்கள் என் மேல் கேஸ் போடுவார்கள். அதெல்லாம் கல்லிலிருந்து நேரே வாய்க்குப் போக வேண்டிய வஸ்து.

இதுவரைக்கும் ருசி சமாசாரம். கெட்டுப்போனால் ஒரு நாள் டிபன் போச்சு, அவ்வளவுதான். அடுத்தது வயிறு.

மாடிப் பையன்கள் மத்தியானம் சமைத்துவிட்டு, கடாயை மூடி வைத்து, மேட்ச் பார்த்து, தூங்கி எழுந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஃப்ரீஸரில் வைப்பார்கள். "எப்படியும் சுட வெச்சுத்தானே ஸார் சாப்பிடறோம்? எல்லாம் செத்துடாதா?" என்று நாமக்கல் கேட்டான். நல்ல கேள்வி. பாதிதான் சரி. கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் சாகும் முன்பே உயில் எழுதி வைத்துவிட்டுப் போகும். ஸ்டாஃபைலோகாக்கஸ் என்று ஒன்று, நம் மூக்கிலும் தோலிலும் வாடகை தராமல் குடியிருப்பது. கை வழியாகச் சாப்பாட்டில் இறங்கி, வெதுவெதுப்பில் பெருகி, விஷத்தைக் கக்கும். அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் லேசில் போகாது. சில மணி நேரத்திலேயே வாந்தி. ஃப்ரீஸரும் கிருமியைக் கொல்வதில்லை. அதற்கு அது ஜெயில் இல்லை, லாட்ஜ். படுத்துத் தூங்கிவிட்டு, வெளியே வந்ததும் வேலையைத் தொடங்கும்.

ஆகவே கணக்கு இதுதான். சமைத்த முட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறைச் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணிதான். சென்னைக்கு ஒரு மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அகலமான தட்டில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வைத்தால் சீக்கிரம் ஆறும். கரண்ட் போய் வந்தால் பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே இன்னும் ஐஸ் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். எப்போது இளகியதென்றே தெரியாமல் கொழகொழவென்று கிடந்தால், தயவு தாட்சண்யம் பார்க்காமல் தூக்கிப் போட வேண்டியதுதான். ஐந்து முட்டை நஷ்டம் ஒரு நாள் சம்பளத்தை விடக் குறைவு. டாக்டர் பீஸை விட ரொம்பக் குறைவு.

சாப்பிடும் நாளுக்கு முந்தின ராத்திரியே பொட்டலத்தைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். காலையில் கடாயில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, நடுவிலும் ஆவி பறக்கும் வரை சூடு பண்ண வேண்டும். கணக்குக் கேட்பவர்களுக்கு 74 டிகிரி. மிச்சத்தை மறுபடி ஃப்ரீஸருக்கு அனுப்பும் யோசனை வேண்டாம்.

ஆபீஸ் மைக்ரோவேவ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவித்த முழு முட்டையை அதில் வைக்கவே வைக்காதீர்கள், உரித்திருந்தாலும் சரி. அமெரிக்காவில் ஒருத்தர், ஓட்டலில் இப்படிச் சூடு பண்ணிய முட்டையைக் கடித்ததும் அது வெடித்துக் காது பாதித்துவிட்டது என்று வழக்கே போட்டார். அது சம்பந்தமாக இரண்டு ஒலி நிபுணர்கள் முட்டை முட்டையாகச் சூடு பண்ணிக் குத்திப் பார்த்து, 2017 டிசம்பரில் ஒலியியல் சங்கக் கூட்டத்தில் முடிவைப் படித்தார்கள். வெடித்த முட்டைகளின் சத்தம் ஓர் அடி தூரத்தில் 86 முதல் 133 டெசிபல்! மஞ்சள் கருவுக்குள் அங்கங்கே சிக்கிய தண்ணீர், கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் சாதுவாக உட்கார்ந்திருக்கும். பல் பட்டதும் மொத்தமும் ஒரே நேரத்தில் ஆவியாகும். நறுக்கி வைத்தால் இந்த அபாயம் குறையும்.

நாற்றம் குறையாது. வெள்ளைக் கருவில் கந்தகம் இருக்கிறது, சூடு ஏற ஏற ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே வரும். பேன்ட்ரியில் தொடங்கி மானேஜர் ரூம் வரை ஏ.ஸி. அதைச் சமமாக விநியோகிக்கும். இன்க்ரிமெண்ட் மாதத்தில் இந்த விஷப்பரீட்சை எதற்கு? அவித்த முட்டையை ஜில்லென்றே, உப்பு மிளகு போட்டுச் சாப்பிடலாம்.

மாடியில் இப்போது ஞாயிறு பத்து முட்டை, புதன்கிழமை பத்து முட்டை அவிக்கிறார்கள். மீதிப் பத்து பொடிமாஸ். வெங்காயம் யார் நறுக்குவது என்பதில்தான் வாராவாரம் சண்டை. சத்தம் கீழே எங்கள் வீடு வரை கேட்கிறது.