டிகிரி என்னுஞ் சொல்

கல்லூரி வாயிலுள் நுழைந்த நாள் முதல் விடைபெறும் நாள்வரை நம்மைத் தொடர்ந்து வரும் ஆங்கிலச் சொல் ஒன்றுண்டு. அது 'டிகிரி' என்பதாம். கணித வகுப்பில் வட்டத்தை 360 டிகிரியாகப் பகுக்கின்றோம். பௌதிக சாலையில், நீர் உறைவது செல்சியஸ் அளவில் 0 டிகிரி, பாரன்ஹீட் அளவில் 32 டிகிரி என்று குறிக்கின்றோம். இயற்கணிதத்தில் ஒரு மாறியுடைய கோவையின் உயர்ந்த அடுக்கெண் அதன் டிகிரி. மருத்துவர் தீப்புண்ணின் ஆழத்தையும் டிகிரியாலேயே வகுப்பர். முடிவிற் பல்கலைக்கழகத்தார் நமக்கு அளிப்பதும் டிகிரியே.

இவை ஒன்றோடொன்று இயைபில்லாதனபோலத் தோன்றினும், மூலத்தை நோக்குவார்க்கு ஐயம் நீங்கும். இலத்தீன் மொழியில் 'கிராதுஸ்' என்பதற்குப் படி என்பது பொருள். அவ்வேரினின்று பிரெஞ்சு மொழி வழியாக வந்ததே இச்சொல். 'கிராஜுவேட்' என்பதும் அவ்வேரினதே. படிப்படியாய் அளக்கப்படுவன யாவும் இச்சொல்லுக்கு உரிமையாயின.

தமிழிலோ கோணத்துக்கும் வெப்பத்துக்கும் பாகை, கோவைக்குப் படி, கல்விக்குப் பட்டம் என வேறு வேறு சொற்கள் வழங்குகின்றோம். இதனைக் குறையென்பாரும் உளர், யாம் நிறையென்போம். பொருள் வேறுபடுமிடத்துச் சொல்லும் வேறுபடின் மாணாக்கர் மயங்கார். ஆயினும் சொல் மட்டுமே நம்மைக் காத்துவிடாது. 40 பாகைக் கோணம் 20 பாகைக் கோணத்தின் இருமடங்கு என்பது மெய். செல்சியஸ் அளவில் 40 பாகை வெப்பநிலை 20 பாகையின் இருமடங்கு என்பது பிழை. அவ்வளவையின் சுழியம் வெப்பமே இல்லாத நிலையன்று. நீர் உறையும் நிலையைத் தொடக்கமாகக் கொண்டதேயாம். ஆகலின், சொல்லைக் கற்பதோடு பொருளையும் தேர்தல் வேண்டும்.

இனி, பட்டம் என்னும் சொல்லைச் சிறிது சிந்திப்போம். அது பண்டு நெற்றியிற் கட்டும் அணியையும், அரசுரிமை எய்துதலையும் குறித்தது. ஆங்கிலச் சொல் 'இஃதொரு படி, இன்னும் ஏறுக' என்கின்றது. தமிழ்ச் சொல்லோ 'சூட்டியாயிற்று' என்கின்றது. பட்டம் பெற்ற அன்றே நூலை மூடி வைப்போர் நம்மிற் பலராயிருத்தலைக் காணுங்கால், சொல்லே நம்மை ஏமாற்றிவிட்டதோ என்று ஐயுறுகின்றோம்.

பட்டம் என்னும் சொல்லைக் கைவிடுக என்று யாம் கூறவில்லை. அதனை மகிழ்ந்து அணிக. ஆனால் காலின்கீழ் இருப்பது ஒரு படியே என்பதை மறவாதொழிக. படியில் நின்றுவிடுவோன் மாடம் சேரான் அன்றோ?