பூட்டும் சாவியும்



தெருக்கதவு, பீரோ, நகைப்பெட்டி ஆகிய மூன்றையும் ஒரே சாவியால் திறக்குமாறு எவரும் பூட்டுச் செய்விப்பதில்லை. ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றில் மின்னஞ்சல், வங்கி, கடை, விளையாட்டு ஆகிய அனைத்திற்கும் தலைப்பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டுமே கடவுச்சொல்லாக விளங்குகின்றன.

இதனால் விளையும் கேடு யாது? 2009ஆம் ஆண்டில் ராக்யூ என்னும் அமெரிக்க நிறுவனத்தில் களவு நிகழ்ந்தது. அங்கே கடவுச்சொற்களை மறைத்து வைக்காமல், எழுதியது எழுதியவாறே வைத்திருந்தனர். 3 கோடிக்கும் மேற்பட்டவை திருடர் கைக்குச் சென்றன. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பதே! இத்தகைய திருடர் களவாடிய இடத்தோடு நின்றுவிடுவதில்லை. அங்கே கிடைத்த பெயரையும் சொல்லையும் இயந்திரத்தின் துணையால் வேறு பல இடங்களிலும் இட்டுப் பார்க்கின்றனர். விளையாட்டுக் கணக்கில் பறிபோன சொல் மின்னஞ்சலையும் திறந்துவிடுகிறது. மின்னஞ்சலோ தாய்ச்சாவி. பிற கணக்குகளில் 'மறந்துவிட்டேன்' என்றால், புதுச்சொல் அமைக்கும் வழி பெரும்பாலும் அங்கேதான் வந்து சேரும். எனவே வேறெதுவும் செய்ய இயலாவிடினும், மின்னஞ்சலுக்கு மட்டுமேனும் தனிச்சொல் அமைத்து, இரண்டாம் சரிபார்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்திற்கொருமுறை சொல்லை மாற்ற வேண்டுமென்று பல அலுவலகங்கள் வற்புறுத்தி வந்தன. ஊழியர் என் செய்தனர்? கடைசியிலிருந்த 1ஐ 2 ஆக்கினர்! அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017இல் இக்கட்டாய மாற்றம் வேண்டாமென்று கூறி, நீளத்தையே வலியுறுத்தியது. புளி, கப்பல், முறம், செவ்வாய் எனத் தொடர்பற்ற சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து எழுதலாம். (இதையே எடுத்துக்கொள்ளாதீர்; அச்சேறிவிட்டது!)

இத்தனையையும் நினைவில் இருத்துவது எங்ஙனம்? கைப்பேசியிலும் கணினியிலும் ஒருசேர இயங்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் செயலிகள் உள்ளன. நீண்ட சொல் ஒன்றை நாம் நினைவில் கொண்டால், மற்றவற்றை அது காத்துக்கொள்ளும். அது கைவராத முதியோர் நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வைப்பதில் தவறில்லை. தொலைதூரத்துத் திருடனுக்கு நம் பீரோ எட்டாது. கைப்பேசியின் உறைக்குள் துண்டுச்சீட்டாகச் செருகி வைப்பதுதான் பேதைமை.

இனி, நாம் பேசத் தயங்கும் ஒன்று. எனக்குத் தெரிந்த குடும்பத்தலைவர் ஒருவர் திடீரென மறைந்தார். காப்பீட்டுக் கடிதங்களும் பிள்ளைகளின் பத்தாண்டுப் படங்களும் அவர் கைப்பேசியில் இருந்தன. அதைத் திறக்கும் எண்ணோ அவரோடு போயிற்று. துக்க வீட்டில் அவர் மனைவி பிறந்தநாள், மணநாள் என ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். நமக்குப்பின் கணக்கைப் பெறவேண்டியவரை முன்கூட்டியே குறிக்கும் வசதியைக் கூகுள் 2013இலும் ஆப்பிள் 2021இலும் ஏற்படுத்தின. ஆனால் வங்கிப் பணத்திற்கு இவ்வழி பொருந்தாது. அதற்கு நாமினியைப் பதிவு செய்ய வேண்டும். ரகசிய எண்ணை எழுதி வைத்தல் கூடாது.

கைப்பேசி, மின்னஞ்சல், மேனேஜர் ஆகிய மூன்றின் திறவுகோலையும் ஓர் உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அது இருக்குமிடத்தை இன்றிரவே உங்கள் துணைவருக்குச் சொல்லிவிடுங்கள்.